கே.பி. சுந்தராம்பாளின் மேடைக்கலை: ஒரு மதிப்பீடு

கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் இசை நாடக மேடையிலும் திரைப்படத்திலும் புகழ்பெற்ற நடிகர், பாடகர். ஈரோடு மாவட்டம் கொடுமுடியில் பிறந்தவர். எஸ்.ஜி. கிட்டப்பாவின் இணையராக ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். 'பக்த நந்தனார்' (1935), 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) ஆகியவை அவர் நடித்த படங்களில் குறிப்பிடத்தக்கவை. 1970ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்றைய தலைமுறை சுந்தராம்பாளை ஔவையாராகவே அறிந்திருக்கிறது. திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் கோல், கணீரென்ற குரல் ஆகியவை சேர்ந்ததே அவரைப் பற்றிய பொதுச் சித்திரம். அவரை உருவாக்கிய ஸ்பெஷல் நாடக மேடை அந்தச் சித்திரத்தில் இல்லை. அந்த மேடையின் கலைஞராக அவரை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு திடல், இரண்டு குரல்கள்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கரிசலில் சோளம், கம்பு, உளுந்து, பருத்தி. அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவும் உண்டு. வெள்ளாமை முடிந்து களம் ஓய்ந்த பின், பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் ஊர்தோறும் அம்மன் கோயில் பொங்கல் நடக்கும். அந்தப் பொங்கலின் ஓர் இரவு ஸ்பெஷல் நாடகத்துக்கு உரியது. பெரும்பாலான ஊர்களில் அது 'வள்ளி திருமணம்'.

திருவிழா நாளின் காலையில் கோயில் ஒலிபெருக்கியில் சுந்தராம்பாளின் முருகன் பாடல்கள் ஒலிக்கும். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்று இரவு பத்து மணிக்கு மேல் அதே திடலில், அதே முருகனின் கதையில், மதுரையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த ஒரு பெண் வள்ளியாக நின்று பாடுவார். அவரையும் மக்கள் விடியும்வரை விழித்திருந்து கேட்பார்கள். ஆனால் மறுநாள் அவரைப் பற்றிப் பேசும் பேச்சு வேறாக இருக்கும். 'கூத்தாடி' என்ற சொல் அந்தப் பேச்சில் எளிதாக வந்துவிடும்.

இந்த இரு குரல்களும் ஒரே மேடை மரபைச் சேர்ந்தவை. ஒன்றைக் கும்பிட்டு மற்றொன்றை இழிவாகப் பேச முடிவது எப்படி என்ற கேள்வி, சுந்தராம்பாளை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதோடு தொடர்புடையது.

ஸ்பெஷல் நாடகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் தமிழ் நாடகத்துக்கு வரைந்த திரைகளும் பக்கத் தட்டிகளும் ஆர்மோனியமும் வந்தன. தெருக்கூத்தின் கதைகளும் பாட்டும் இந்தப் புதிய மேடைக்கு மாறின. இம்மேடைக்கு நிலையான நாடகப் பாடங்களை எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' முதலிய நாடகங்களை எழுதினார். 1918ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இத்தகைய குழுக்களில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர்.

ஸ்பெஷல் நாடகம் கம்பெனி நாடகத்திலிருந்து வேறுபட்டது. இதில் நிலையான குழு கிடையாது. ஓர் ஊரார் தமக்கு வேண்டிய ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் ஆகிய கலைஞர்களைத் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து ஒரே இரவுக்கு அழைப்பார்கள். நோட்டீஸில் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் பட்டமும் அச்சாகும். முன்பின் சந்தித்திராத இருவர் முருகனாகவும் வள்ளியாகவும் மேடை ஏறுவதும் உண்டு. ஒத்திகை இல்லை. நாடகப் பாடம் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் என்பதே இதன் அடிப்படை.

பாடம் பொதுவாக இருப்பதால் கதையின் முடிவு பார்வையாளருக்குத் தெரியும். அவர்கள் பார்க்க வருவது இந்த வள்ளி எப்படிப் பாடுகிறார், நாரதர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார், வேடனை எப்படி மடக்குகிறார் என்பதைத்தான். இந்த வாய்ச்சண்டைக்குத் தர்க்கம் என்று பெயர். பாட்டும் வசனமும் நகைச்சுவையும் கலந்த தர்க்கமே ஸ்பெஷல் நாடகத்தின் உயிர். பெண் கலைஞருக்கு ஆணுக்குச் சமமாகப் பேச, மடக்க, சிரிக்கவைக்க இடம் கொடுத்த மேடை இது. சுந்தராம்பாள் பயின்ற பள்ளியும் இதுவே.

இளமையும் பயிற்சியும்

சுந்தராம்பாளின் பெயரின் முன்னெழுத்துகள் கொடுமுடியையும் அவரது தாய் பாலாம்பாளையும் குறிக்கின்றன. குடும்பம் வறுமையில் இருந்தது. ரயிலில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகத்துக்கு அழைத்துவந்தார்கள் என்பது அவரது வாழ்க்கையைச் சொல்வோர் எல்லோரும் குறிப்பிடும் செய்தி. வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து குழந்தை வேடங்களில் நடிக்கத் தொடங்கினார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் குழந்தையாகப் பாடியது அவருக்கு முதல் கவனத்தைப் பெற்றுத் தந்தது.

அவருக்கு முறையான பள்ளிக் கல்வியோ நீண்டகால குருகுல இசைப் பயிற்சியோ வாய்க்கவில்லை. மேடையே பள்ளி. பிறர் பாடக் கேட்டுப் பாடம் செய்தல், ஆர்மோனியக்காரரோடு சுருதி சேர்த்தல், கூட்டத்தின் முகம் பார்த்துப் பாட்டை நீட்டுதல் அல்லது சுருக்குதல் என மேடைக் கலைஞர்கள் வழிவழியாகக் கற்றதையே அவரும் கற்றார். தமிழகத்திலும் இலங்கையிலும் நாடகங்களில் நடித்து, பதினெட்டு வயதுக்குள் தனக்கெனப் பெயர் பெற்றுவிட்டார்.

அவருக்கு முன்பும் அவர் காலத்திலும் இம்மேடையில் வலிமையான பெண்கள் இருந்தனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார். மதுரையின் கே.பி. ஜானகியம்மாள் (1917–1992) நாடக நடிகராகத் தொடங்கிப் பொதுவுடைமை இயக்கத் தலைவராக வளர்ந்து, 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். சுந்தராம்பாள் தனியாக முளைத்த அதிசயம் அல்ல. ஒரு விளைநிலத்தின் மிகச் சிறந்த மகசூல் என்பதே பொருத்தம்.

குரலின் இயல்பு

சுந்தராம்பாளின் குரலைத் 'தெய்விகக் குரல்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தப் புகழ்ச்சி, குரலுக்குள் இருக்கும் தொழில்நுட்பத்தை மறைத்துவிடுகிறது.

அவர் பாடத் தொடங்கிய காலத்தில் மேடையில் ஒலிவாங்கி இல்லை. திறந்த வெளியில், பல நூறு பேர் அமர்ந்திருக்கும் திடலின் கடைசி வரிசைக்கும் சொல் கேட்க வேண்டும். அதற்கு உயர்ந்த சுருதி தேவைப்பட்டது. நாடகக் கலைஞர்கள் கட்டைக் கணக்கில் பேசுவதும், எட்டாத கட்டையில் பாடுபவரைக் கொண்டாடுவதும் இதனால்தான். சுருதி உயர்ந்தால் சொல் கரைந்துவிடும் அபாயம் உண்டு. அங்கேதான் சுந்தராம்பாள் தனித்து நிற்கிறார். உச்சத்திலும் அவரது வல்லின மெய்கள் தெளிவாக விழுகின்றன. 'ற'கரமும் 'ழ'கரமும் குழையாமல் ஒலிக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பார்வையாளரும் கேட்டவுடன் மனப்பாடம் செய்யக்கூடியதாக அவரது உச்சரிப்பு அமைந்தது.

இரண்டாவது இயல்பு, பாட்டுக்குள் பேச்சைக் கொண்டுவருவது. ஒரு வரியை ராகத்தில் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய வசனமாகச் சொல்லி, கடைசிச் சொல்லில் மீண்டும் ராகத்துக்குப் போவார். கச்சேரி மேடையில் இது குறையாகக் கருதப்படலாம். நாடக மேடையில் இதுவே திறமை. எதிரில் நிற்கும் பாத்திரத்தோடு உரையாடுகிறோம் என்ற நினைவு அவரது பாடலில் எப்போதும் இருக்கிறது.

'திருவிளையாடல்' படத்தில் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவை சமாதானம் செய்யும் காட்சியை இதற்குச் சான்றாகக் கூறலாம். பக்திக் காட்சியாகவே அது பார்க்கப்படுகிறது. கூர்ந்து கேட்டால் அதில் கெஞ்சல், கண்டிப்பு, கிண்டல், பாட்டிக்குரிய உரிமைக்கோபம் ஆகிய நான்கும் மாறிமாறி வருகின்றன. 'கந்தன் கருணை' (1967) படத்தில் முருகன் கேட்கக் கேட்க, கொடியது, இனியது, பெரியது, அரியது என ஔவை அடுக்கிப் பதில் சொல்லும் காட்சி ஏறக்குறைய ஒரு தர்க்கமே. கேள்வி முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, எதிராளியைப் பார்த்து, பிறகு எடுக்கும் அந்த நிதானம் விடியவிடிய நாரதரோடும் வேடனோடும் வாதாடிய வள்ளிக்கு உரியது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

செங்கோட்டையில் 1906ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவயதிலேயே சகோதரர்களோடு நாடகத்துக்கு வந்தவர். உச்ச சுருதியில் ஓடும் அவரது குரல் அக்காலத்தில் ஒப்பற்றதாகப் பேசப்பட்டது. 1926ல் இலங்கையில் இருவரும் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. சுந்தராம்பாளோடு மேடை ஏறினால் கிட்டப்பாவின் பெயர் மங்கிவிடும் என்று நண்பர்கள் தடுத்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அன்றைய மேடையில் ஒரு பெண் கலைஞரின் நிலை எத்தகையது என்பதை இச்செய்தி காட்டுகிறது.

1927ல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருவரும் வேறு வேறு சாதியினர். மணவாழ்வில் பிரிவும் மனவருத்தமும் இருந்தன. மேடையில் இந்த இணை தமிழ் நாடக வரலாற்றின் உச்சங்களில் ஒன்றாக அமைந்தது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா 27 வயதில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது.

இந்த வாழ்க்கைப் பகுதியே அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரிதும் இடம்பெறுகிறது. அதில் சுந்தராம்பாள் காதலில் உருகியவராகவும் கணவனுக்காக வாழ்வைத் துறந்தவராகவும் வருகிறார். அந்த உருக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் சேர்ந்திருந்த மேடைக்காலம் ஏழு ஆண்டுகளுக்கும் குறைவு. கிட்டப்பாவுக்குப் பிறகு அவர் கலைஞராக இயங்கியது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். அறுபது ஆண்டுக் கலைவாழ்வை ஏழு ஆண்டுக் கதையால் மூடிவிடுவது நியாயமான மதிப்பீடு ஆகாது.

விரதமும் வேடமும்

கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் சுந்தராம்பாள் நகைகளையும் வண்ணச் சேலைகளையும் துறந்தார். இனி எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். சிறிது காலம் ஒதுங்கியிருந்து, பின்னர் நந்தனாராக மேடைக்குத் திரும்பினார்.

இது கைம்மை விரதமாக மட்டுமே புரிந்துகொள்ளப்பட்டுள்ளது. கலைஞரின் பார்வையிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டின் தொழில் ஆயுள் குறைவு. வயது ஏற ஏற அழைப்புகள் குறையும். வள்ளி வேடத்திலேயே தொடர்ந்திருந்தால், மற்ற பலரைப் போல நாற்பது வயதுக்குள் அவர் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும். இணை வேடத்தை மறுத்ததன் மூலம் அவர் நந்தனார் என்ற ஆண் வேடத்துக்கும், பிறகு மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் போன்ற துறவு வேடங்களுக்கும் சென்றார். இவை அனைத்தும் நாயகன் தேவைப்படாத வேடங்கள். மேடையின் நடுவில் அவர் ஒருவரே நின்றார்.

சமூகம் கைம்பெண்ணுக்கு விதித்த வெள்ளைச் சேலையை அவர் தன் கலைக்குரிய உடையாக மாற்றிக்கொண்டார். ஒதுங்கியிருப்பதற்கான அடையாளம் அரங்கின் நடுவில் நிற்பதற்கான உரிமையாயிற்று. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று கூற வேண்டியதில்லை. விளைவு இதுவே.

நந்தனார் வேடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' வழியாகப் பரவிய அக்கதையில், கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட ஒருவரின் ஏக்கமே மையம். நாடகக்காரி என்பதால் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்ட ஒரு பெண், தீண்டாமைக்கு ஆளான ஓர் ஆணாக நின்று பாடியபோது அந்த ஏக்கத்துக்குக் கூடுதல் பொருள் கிடைத்தது.

திரைப்படம்: பெற்றதும் இழந்ததும்

1935ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியத் திரையுலகம் அதுவரை கேட்டிராத தொகை அது. படத்தை மாணிக்லால் டாண்டன் இயக்கினார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். படம் பாராட்டை மட்டும் பெறவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கடுமையாகக் கேலி செய்தார். நாடக மேடையின் நடிப்பு காமிராவின் முன் மிகையாகத் தெரிந்தது என்பதை மறுக்க இயலாது. கடைசி வரிசைக்காக உயர்த்தப்பட்ட கையசைவு, அருகிலிருந்து பார்க்கும் காமிராவுக்குப் பெரிதாகிவிடும்.

எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' அவரை வீடுதோறும் அறியச் செய்தது. அதன்பின் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை, 'துணைவன்' (1969), 'காரைக்கால் அம்மையார்' (1973) என நடித்தார். 'துணைவன்' படத்தில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. திரையில் தோன்றித் தானே பாடி நடித்தவருக்குப் பின்னணிப் பாடகி விருது கிடைத்தது ஒரு முரண். பாடுபவர் வேறு, நடிப்பவர் வேறு என்று ஆகிவிட்ட காலத்தில், இரண்டையும் ஒருவரே செய்த பழைய மரபின் கடைசிப் பெரிய பிரதிநிதியாக அவர் இருந்தார்.

திரைப்படம் அவரது குரலைக் காத்துத் தந்தது. அதே நேரத்தில் அவரது கலையில் பாதியை வெளியே விட்டுவிட்டது. அவரது மேடை நாடகங்கள் எவையும் படமாக்கப்படவில்லை. இசைத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்கு மேல் பதிய முடியாது. ஆகவே ஓர் இரவு முழுவதும் நீளும் தர்க்கமும், அந்தக் கணத்தில் தோன்றும் பதிலும், கூட்டத்தின் சிரிப்பும் பதிவாகவில்லை. குறும்புக்காரியான இளம் வள்ளி பதிவில்லாமல் மறைய, முதிய ஔவை மட்டுமே நிலைத்தார்.

அரசியல் மேடை

1920கள், 30களில் நாடகக் கலைஞர்கள் விடுதலைப் போராட்டத்தின் குரலாக இருந்தனர். எழுத்தறிவு குறைந்த கிராமங்களுக்குக் காங்கிரஸின் செய்தியைக் கொண்டுசென்றதில் நாடகம், இசைத்தட்டு, சினிமா ஆகியவற்றின் பங்கைத் தியடோர் பாஸ்கரன் தமது ஆய்வுகளில் விளக்கியுள்ளார். சிவகாசியில் 1886ல் பிறந்த விசுவநாத தாஸ் புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். அவர் பிறந்த சமூகத்தைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தனர். 1940ல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

சுந்தராம்பாளும் காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். எஸ். சத்தியமூர்த்தியோடு தேர்தல் பிரசாரங்களில் கலந்துகொண்டார். விடுதலைக்குப் பின் சென்னை மேலவை உறுப்பினராகவும் இருந்தார். நாடக மேடையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற முன்னோடிகளில் அவர் ஒருவர். பின்னாளில் திரையுலகினர் அரசியலுக்கு வந்த பாதையைப் பேசும்போது அவரது பெயர் விடுபட்டுவிடுவது சரியல்ல.

லண்டன் மேடையோடு ஓர் ஒப்பீடு

பாட்டும் வசனமும் நகைச்சுவையும் கலந்த நாடகம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. விக்டோரியா அரசியின் காலத்தில் லண்டனில் கில்பர்ட், சல்லிவன் இருவரும் உருவாக்கிய நகைச்சுவை இசை நாடகங்கள் பெரும்புகழ் பெற்றன. 1881ல் திறக்கப்பட்ட சேவாய் அரங்கு அவற்றின் இல்லமாக இருந்தது. அங்கே 'மிக்காடோ' (1885) முதலிய நாடகங்களில் பாடி நடித்த ஜெஸ்ஸி பாண்ட் (1853–1942) கூட்டம் விரும்பிய கலைஞர்.

இரு மேடைகளிலும் ஒலிவாங்கி இல்லை. இரண்டிலும் பாடுபவரே நடித்தார். இரண்டிலும் நடிகையின் ஒழுக்கம் பற்றிய சந்தேகம் சமூகத்தில் இருந்தது. வேறுபாடுகளும் முக்கியமானவை. சேவாய் அரங்கில் ஒவ்வோர் அசைவையும் கில்பர்ட் ஒத்திகையில் முடிவு செய்தார். நடிகர் அதை நிறைவேற்றினார். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லை. பதிலைக் கலைஞர் மேடையிலேயே உருவாக்க வேண்டும். அவ்வகையில் சுந்தராம்பாளைப் போன்றவர்கள் பாதி நாடகாசிரியர்கள்.

ஜெஸ்ஸி பாண்ட் 1897ல் திருமணம் செய்துகொண்டு மேடையை விட்டு விலகினார். 1930ல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். சுந்தராம்பாளுக்குத் திருமணமும் கைம்மையும் தொழிலின் முடிவாக அமையவில்லை. இங்கிலாந்தில் அந்த நாடகங்களும் அவற்றில் நடித்தவர்களும் நாடக வரலாற்றின் பகுதியாகப் பேசப்படுகின்றனர். தமிழில் கிட்டப்பா–சுந்தராம்பாள் கதை சொல்லப்படும் அளவுக்கு அவர்களின் நாடகக்கலை ஆராயப்படவில்லை.

புனிதத்தின் விலை

சுந்தராம்பாளைப் புனிதராக்கியதால் அவருக்கு மரியாதை கிடைத்தது. அந்த மரியாதை அவரது மேடைக்குக் கிடைக்கவில்லை. அவர் நாடகக்காரியாக இருந்தும் உயர்ந்தார் என்றே சொல்லப்படுகிறது. நாடகக்காரியாக இருந்ததால் உயர்ந்தார் என்று சொல்லப்படுவதில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் பிரச்சினை உள்ளது.

மதுரையை மையமாகக் கொண்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், அவர்கள் சுமக்கும் களங்கத்தைப் பற்றி 2005ல் ஒரு நூல் வெளியிட்டார். பிறர் கண்ணில் படாமல் பயணம் செய்வது, மேடையில் எவ்வளவு பேசினாலும் கீழே இறங்கியதும் அடக்கமாக இருப்பது என மேடைப் பெண்கள் தம் மரியாதையைக் காக்கப் படும் பாட்டை அந்நூல் விவரிக்கிறது. சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். புகழின் உச்சத்தில் இருந்த ஒருவருக்கே மரியாதை பெற ஒரு விரதம் துணைநின்றது என்றால், புகழில்லாத மற்றவர்களின் நிலையை ஊகிக்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பும் கூறப்படலாம். சுந்தராம்பாளே தம்மைப் பக்தராகவே கருதினார், அப்படியிருக்க அவரை மேடைக்கு இழுப்பது ஏன் என்று கேட்கலாம். அவரது பக்தி உண்மையானது என்பதில் ஐயமில்லை. பக்தியுள்ளவர்கள் எல்லோரும் அப்படிப் பாடிவிடவில்லை. கேட்பவரைக் கன்னத்தில் போடவைப்பது பக்தி மட்டுமல்ல, சிறுவயது முதல் இரவிரவாகப் பழகிய தொழில். அதைச் சொல்வதால் அவரது பக்திக்குக் குறைவு நேராது.

மதிப்பீடு

கே.பி. சுந்தராம்பாளின் பங்களிப்பை மூன்றாகத் தொகுக்கலாம். உயர் சுருதியிலும் தமிழ்ச் சொல்லைச் சிதைக்காமல் பாடும் முறையை நாடக மேடையிலிருந்து திரைக்குக் கொண்டுவந்தார். இளமைக்குப் பின்னும் ஒரு நடிகை நாயகனின்றி மேடையின் மையத்தில் நிற்க முடியும் என்று நிறுவினார். கலைஞரான ஒரு பெண் பொது வாழ்விலும் இடம்பெறலாம் என்பதற்கு முன்னோடியானார். திரைநடிப்பில் மேடையின் மிகையை அவர் முழுவதும் விட்டுவிடவில்லை என்பதும், பிற்காலத்தில் ஒரே வகை வேடங்களுக்குள் அடங்கிவிட்டார் என்பதும் அவரது எல்லைகள். பின்னதற்கு அவரைவிடத் திரையுலகமும் ரசிகர்களுமே பொறுப்பு.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் மெல்லிசைக் கச்சேரிகளும் திருவிழா மேடைகளைப் பிடித்துக்கொண்ட பின்னும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் 'வள்ளி திருமணம்' நின்றுவிடவில்லை. பாய் விரித்து, போர்வை போர்த்தி, விடியும்வரை அமர்ந்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தினைப்புனத்துப் பரணில் நின்று வேடனை மடக்கும் பெண்ணின் குரலில், காலையில் ஒலிபெருக்கியில் கேட்ட குரலின் சாயல் இருக்கிறது. சுந்தராம்பாளைப் படிக்க விரும்பும் மாணவர் திரைப்படங்களோடு நின்றுவிடாமல் ஓர் இரவு அந்தத் திடலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் எங்கிருந்து வந்தார் என்பது அங்கே விளங்கும். பாடி முடித்து வேனில் ஏறும் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையும் சுந்தராம்பாளுக்குச் செய்யும் மரியாதையே.